கடலூரில் கண்மூடிய கணித அறிஞர்

கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்தில், கெடிலம் ஆறு கடலோடு கலக்கும் இடத்துக்கு அருகில் செயின்ட் டேவிட் கோட்டை இருந்தது. வரலாறு பயிலும் மாணவர்கள் அக்கோட்டையின் பெயரைக் கேட்டதும் ராபர்ட் கிளைவை நினைப்பார்கள். கிளைவ் அங்கு வாழ்ந்தது உண்மையே. ஆயின் கிளைவ் ஆர்க்காட்டுக்குப் புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பு, அதே கோட்டையில், நாற்பத்து நான்கே வயதில் மறைந்துபோன மற்றோர் ஆங்கிலேயரை நம்மில் பலர் அறியோம். அவர் நாடு பிடித்தவர் அல்லர், கணிதம் படித்தவர். துப்பாக்கிக் குண்டு எவ்வளவு வேகமாகப் பறக்கிறது என்பதை உலகிலேயே முதன்முதலாகத் துல்லியமாக அளந்து காட்டியவர். இயற்பியல் வகுப்பில் உந்த அழியா விதிக்கு எடுத்துக்காட்டாக, தொங்கும் மரக்கட்டையில் குண்டு பாயும் கணக்கு ஒன்றை நாம் அனைவரும் போட்டிருக்கிறோம். அந்தக் கணக்குக்கு உரியவர் அவரே. அவர் பெயர் பெஞ்சமின் ராபின்ஸ்.

ராபின்ஸ் 1707ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பாத் என்னும் ஊரில் எளிய குடும்பம் ஒன்றில் பிறந்தார். தந்தையார் தையல் தொழிலாளி. பெற்றோர் குவேக்கர் சமயப் பிரிவைச் சேர்ந்தவர்கள். போர் கூடாது, ஆயுதம் ஏந்துதல் பாவம் என்பது அப்பிரிவினரின் உறுதியான கொள்கை. அத்தகைய வீட்டில் பிறந்த பிள்ளை பிற்காலத்தில் பீரங்கிக் கலைக்கே இலக்கணம் வகுத்தான் என்பது விதியின் விளையாட்டோ என்னவோ! இளமையிலேயே கணிதத்தில் அவருக்கு இருந்த திறமையைக் கண்ட நண்பர்கள், அவர் எழுதிய தாள் ஒன்றை இலண்டனிலிருந்த டாக்டர் பெம்பர்ட்டனுக்கு அனுப்பினார்கள். நியூட்டனுடைய பிரின்சிப்பியா நூலின் மூன்றாம் பதிப்பைப் பதிப்பித்தவர் இந்தப் பெம்பர்ட்டன். தாளைக் கண்டு வியந்த அவர் இளைஞரை ஊக்குவிக்க, ராபின்ஸ் இலண்டன் வந்து சேர்ந்தார். பல்கலைக்கழகம் எதிலும் கால் வைக்காமலே, பிறருக்குக் கணிதம் கற்பித்து வயிறு வளர்த்துக்கொண்டு, தாமும் கற்றார். 1727இல், இருபது வயதில், ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். நம் கணித மேதை இராமானுஜன் 1918இல் பெற்ற எப்.ஆர்.எஸ். என்னும் அதே சிறப்புத்தான்.

அடுத்த சில ஆண்டுகளில் அவர் செய்தவற்றை விரிக்கிற் பெருகும். பெர்னூலியின் இயக்கக் கொள்கையை மறுத்து எழுதினார். நியூட்டனின் நுண்கணிதத்தைப் பாதிரியார் பெர்க்லி 1734இல் எள்ளி எழுதியபோது, மறு ஆண்டே நியூட்டன் பக்கம் நின்று விடையளித்தார். 1739இல் ஆய்லரின் இயக்கவியல் நூலையும் கண்டித்து எழுதினார். பேனாச் சண்டைக்கு அஞ்சாதவர் என்பது இவற்றால் தெரியவரும். உட்கார்ந்த இடத்திலேயே இருந்து கற்பிப்பது அவருக்குச் சலித்துவிட்டது. ஆகவே ஆலைகள் அமைத்தல், பாலம் கட்டுதல், சதுப்பு நிலத்து நீரை வடித்தல், துறைமுகங்களைச் சீர்செய்தல் ஆகிய பொறியியல் வேலைகளில் இறங்கினார். பிளாண்டர்ஸ் நாட்டுக்குச் சென்று அங்குள்ள கோட்டைகளைப் பார்த்து வந்தார். இதற்கிடையில் பிரதமர் வால்போலின் ஆட்சியைத் தாக்கித் துண்டு நூல்களும் எழுதினார். வால்போல் பதவி விலகியபின், 1742இல், அவருடைய நடவடிக்கைகளை ஆராய நாடாளுமன்றம் அமைத்த இரகசியக் குழுவுக்கு ராபின்சே செயலாளர்!

இந்த அரசியல் ஈடுபாட்டுக்கு அவர் விலை கொடுக்க நேர்ந்தது என்று எண்ணுவோர் உண்டு. 1741இல் வூல்விச் நகரில் இராணுவக் கல்விக்கூடம் ஒன்று தொடங்கப்பட்டது. அங்குக் கோட்டைக் கலைப் பேராசிரியர் பதவிக்கு ராபின்ஸ் முயன்றார். கிடைக்கவில்லை, முல்லர் என்பவருக்குப் போய்விட்டது. வேறொருவராயின் மனமொடிந்திருப்பார். ராபின்சோ, அந்தப் பதவிக்காகத் தாம் திரட்டி வைத்திருந்த குறிப்புகளை நூலாக்கி 1742இல் வெளியிட்டார். பீரங்கிக் கலையின் புதிய கோட்பாடுகள் என்று தமிழில் அதன் பெயரைச் சொல்லலாம். சிறிய நூல்தான். ஆனால் அதற்கு முன் இருநூறு ஆண்டுகளாக எழுதப்பட்ட பீரங்கி நூல்களை எல்லாம் அது பழங்கதை ஆக்கிவிட்டது.

அது எப்படி என்பதை அறிய, அக்காலத் துப்பாக்கியைச் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும். இன்றுள்ளதுபோல் தோட்டா ஆலையிலிருந்து வருவதில்லை. ஈயத்தை உருக்கி, இடுக்கி போன்ற அச்சில் ஊற்றி, ஆறவைத்து, உருண்டைகளாக வார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு பவுண்டு ஈயத்தில் பன்னிரண்டு உருண்டை வார்த்தால் ஒவ்வொன்றும் ஏறக்குறைய முக்கால் அங்குல விட்டம் இருக்கும். இக்காலத்தும் பன்னிரண்டு போர் துப்பாக்கி என்கிறோமே, அந்தப் பன்னிரண்டு இந்தக் கணக்கில் வந்ததுதான். குழலின் வாய்வழியாகக் கருமருந்தைக் கொட்டி, மேலே குண்டை இட்டு, கோலால் கெட்டித்துச் சுடுவார்கள். நம் நாட்டுத் துப்பாக்கியும் இதே முறைதான். எவ்வளவு மருந்து போடுவது? கைப்பழக்கமும் கேள்விப்பட்டதுமே அளவு. மருந்து கூடக்கூடக் குண்டு தூரம் போகும் என்பது பொதுவான நம்பிக்கை. குண்டு செல்லும் பாதையோ கலிலியோ சொன்ன பரவளைவு. காற்றுத் தடையைப் பொருட்படுத்த வேண்டாம் என்பது கற்றோர் கொள்கை. இவற்றுள் எது உண்மை என்று பார்க்க வேண்டுமானால், குண்டின் வேகம் தெரிய வேண்டும். கண்ணுக்கே தெரியாத ஒன்றின் வேகத்தை அளப்பது எங்ஙனம்? நொடியின் சிறு கூறுகளை அளக்கக்கூடிய கடிகாரம் அன்று கிடையாது.

ராபின்ஸ் கடிகாரத்தை நாடவே இல்லை. மூன்று கால் முக்காலி ஒன்றை நிறுத்தி, அதில் இரும்புச் சட்டத்தோடு கூடிய கனத்த மரப்பலகையை ஊசல்போலத் தொங்கவிட்டார். ஊசலின் எடை ஏறத்தாழ 56 பவுண்டு. குண்டு பலகையில் பாய்ந்து உள்ளே தங்கிவிடும். பலகை பின்னோக்கி ஆடும். எவ்வளவு தூரம் ஆடியது என்பதைக் காட்ட, பலகையின் அடியில் ஒரு நாடாவைக் கட்டி, ஒரு பிடிப்பின் வழியே அதை நழுவ விட்டார். நழுவி வந்த நாடாவின் நீளமே அளவு. குண்டின் எடை பவுண்டில் பன்னிரண்டில் ஒரு பங்கு. அதாவது ஊசல் குண்டைப்போல் சற்றொப்ப 670 மடங்கு கனமானது. எனவே பலகை நொடிக்கு இரண்டரை அடி வேகத்தில் நகரத் தொடங்கினால், குண்டு நொடிக்கு ஏறக்குறைய 1,680 அடி வேகத்தில் வந்திருக்க வேண்டும். ஊசலின் அலைவு மையம், குண்டு பட்ட இடம் முதலியவற்றுக்கு உரிய திருத்தங்களையும் அவர் விடாமல் செய்தார் என்பதை இயற்பியல் மாணவர்கள் கவனிக்க வேண்டும். கண்காணாத பெருவேகத்தை, கண்ணால் காணத்தக்க சிறுவேகமாக்கி அளந்த இந்தத் தந்திரம் எனக்கு எப்போது நினைத்தாலும் வியப்பளிக்கிறது. மரமும் இரும்பும் நாடாவும் அன்றி வேறு கருவி இல்லை!

வேகம் தெரிந்ததும் மற்றவை ஒவ்வொன்றாக வெளிவந்தன. நொடிக்கு 1,700 அடி வேகத்தில் 45 பாகைக் கோணத்தில் புறப்படும் குண்டு, பரவளைவுக் கணக்குப்படி 17 மைல் போக வேண்டும். மெய்யாகப் போவதோ அரை மைல் கூட இல்லை. ஊசலைத் துப்பாக்கிக்கு அருகிலும், பின்னர்த் தொலைவிலும் வைத்துச் சுட்டு, இடையில் காற்று எவ்வளவு வேகத்தைத் தின்றுவிடுகிறது என்று அளந்தார். பெருவேகத்தில் செல்லும் முக்கால் அங்குல ஈயக்குண்டின்மேல் காற்றுத் தடை 10 பவுண்டு. அஃதாவது குண்டின் எடையைப்போல் 120 மடங்கு! நொடிக்கு ஏறத்தாழ 1,100 அடி என்னும் ஒலியின் வேகத்துக்கு அருகில் இந்தத் தடை திடீரென மிகுகிறது என்பதையும் கண்டு எழுதினார். ஒலியை விஞ்சும் விமானங்களைப் பற்றிப் பேசுகிறோம். அந்த எல்லைக்கோட்டை இரு நூற்றாண்டுகட்கு முன்பே ஈயக்குண்டைக் கொண்டு தொட்டுப் பார்த்தவர் இவர்.

மருந்தையும் அவர் விட்டுவைக்கவில்லை. காற்று நீக்கிய கலத்தினுள் காய்ச்சிய இரும்பின்மேல் கருமருந்தை விழச்செய்து, எழும் வாயுவை அளந்தார். ஒரு பங்கு மருந்து, குளிர்ந்த நிலையில் 244 பங்கு வாயுவைத் தருகிறது என்றும், வெடிக்கும் கணத்தின் வெப்பத்தால் அதன் அழுத்தம் நான்கு மடங்கு உயர்ந்து வளிமண்டல அழுத்தத்தைப்போல் ஏறத்தாழ 1,000 மடங்கு ஆகிறது என்றும் கணக்கிட்டார். பிற்கால ஆராய்ச்சிகள் இந்த எண்ணைப் போதாது என்று காட்டிவிட்டன. ஆனால் மருந்தின் வலிமை அதிலிருந்து எழும் வாயுவின் அழுத்தமே என்று எண்ணிட்டுச் சொன்ன வழி சரியான வழி. துப்பாக்கிக் குழலையே ஊசலில் பூட்டிச் சுட்டு, அது பின்னுதைக்கும் அளவையும் பார்த்தார். 1781இல் ரம்போர்டு பிரபு மேற்கொண்ட வெடிமருந்துச் சோதனைகளுக்கு இதுவே தூண்டுகோலாயிற்று.

இவற்றிலிருந்து அவர் கண்ட முடிவுதான் அக்காலப் படைத்தலைவர்களுக்குக் கசந்தது. மருந்தை இரட்டித்தால் வேகம் இரட்டிப்பதில்லை. கூடுதலாகக் கிடைக்கும் சிறிது வேகத்தையும் காற்று முதல் சில நூறு கசங்களுக்குள் பறித்துக்கொள்கிறது. மிஞ்சுவது என்ன? தோளில் விழும் உதை, சூடேறும் குழல், வீணான மருந்து, தவறும் குறி. களத்துப் பீரங்கிக்குக் குண்டின் எடையில் ஆறில் ஒரு பங்கு, மிஞ்சினால் ஐந்தில் ஒரு பங்கு மருந்து போதும். கோட்டை மதிலைத் தகர்க்கும் பீரங்கிக்கும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தேவையில்லை என்று வரையறுத்தார். 1747இல் கப்பற்படைக்கு ஒரு திட்டம் எழுதினார். பீரங்கியின் எடையைக் கூட்டாமல் வாயை அகலமாக்கி, குறைந்த மருந்தில் பெரிய குண்டைச் சுடலாம் என்பது அதன் சாரம். முப்பது ஆண்டுகள் கழித்து ஸ்காட்லாந்தின் காரன் இரும்பாலை வார்த்த கரனேடு என்னும் குட்டைப் பீரங்கிகள் இந்தக் கருத்துக்கு உருவம் கொடுத்தன. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பழைய பாணித் துப்பாக்கிகளை இன்று விளையாட்டுக்காகச் சுடுவோர், தாங்களே ஈயம் வார்த்து, தராசில் நிறுத்து, தோள் நோகாத அளவுக்கு மருந்தைக் குறைத்து, குறி தவறாமல் சுடுகிறார்கள். அவர்களுள் எத்தனை பேர் ராபின்சை அறிவார்களோ! அவர்கள் கையாளுவது அவர் வகுத்த வழியைத்தான்.

ஈயக்குண்டு ஏன் நேராகப் போவதில்லை என்பது அடுத்த ஆராய்ச்சி. மெல்லிய காகிதத் திரைகளை வரிசையாக நிறுத்தி அவற்றின் ஊடே சுட்டு, துளைகளின் இடத்தைக் குறித்தார். ஒரே குறிக்குச் சுட்டாலும் ஒரு குண்டு வலப்பக்கம் வளைந்தது, மற்றொன்று இடப்பக்கம். குழலின் சுவரில் உரசுவதால் குண்டு உருண்டு சுழன்றுகொண்டே வெளிவருகிறது, அந்தச் சுழற்சியும் காற்றும் சேர்ந்து அதைப் பக்கவாட்டில் தள்ளுகின்றன என்பது அவர் விளக்கம். இதை மெய்ப்பிக்க ஒரு வேடிக்கையான சோதனை செய்தார். துப்பாக்கிக் குழலின் வாயை இடப்பக்கமாகச் சிறிது வளைத்துவிட்டார். குண்டு முதலில் இடப்பக்கம் சென்றது. பின்னர், அவர் முன்கூட்டிச் சொன்னபடியே, வலப்பக்கமாகத் திரும்பியது! வளைந்த குழலின் வலச் சுவரில் உரசி அது பெற்ற சுழற்சியே காரணம். கிரிக்கெட் பந்து காற்றில் திரும்புவதற்கு நாம் சொல்லும் காரணங்களுள் ஒன்று இதுவே. நூறு ஆண்டுகட்குப் பிறகு, 1852இல், மாக்னஸ் என்ற ஜெர்மானியர் இதனை ஆராய்ந்ததால் அவர் பெயரே நிலைத்துவிட்டது. கண்டவர் ஒருவர், பெயர் கொண்டவர் ஒருவர்!

சுழற்சியைத் தவிர்க்க முடியாதெனில், அதை நமக்கு வேண்டிய திசையில் திருப்பிவிடலாமே? அதுதான் ரைபிள். குழலின் உட்புறத்தில் திருகாணி போன்ற வரிப்பள்ளங்கள் வெட்டினால், குண்டு தான் செல்லும் திசையையே அச்சாகக் கொண்டு பம்பரம்போல் சுழலும், பக்கவாட்டில் விலகாது. ரைபிள் துப்பாக்கிகள் ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் முன்பே வேட்டைக்குப் பயன்பட்டன. ராபின்ஸ் அவற்றைக் கண்டுபிடிக்கவில்லை. அவை ஏன் குறி தவறுவதில்லை என்ற காரணத்தைக் கண்டவர் அவர். குண்டைச் சுத்தியலால் அடித்து இறக்குவதைவிட, எண்ணெய் தடவிய மெல்லிய தோல் அல்லது துணி வட்டத்தில் வைத்து இறக்குவது நன்று என அந்நாட்டார் கையாண்ட முறையையும் விவரித்தார். உருண்டைக்குப் பதில் முட்டை வடிவில் குண்டு வார்த்தால், எடை மிகுந்த முனை முன்னே இருக்குமாறு செய்தால், இன்னும் தொலைவு போகும் என்றும் எழுதினார். 1747 ஜூலை மாதம் ராயல் சொசைட்டியில் படித்த கட்டுரையில், எந்த நாடு ரைபிளின் இயல்பை முழுதும் உணர்ந்து தன் படைக்கு அதனை வழங்குகிறதோ அந்நாடு ஏனைய நாடுகளை விஞ்சிவிடும் என முன்னறிவித்தார். நூறு ஆண்டுகள் கழித்தே ஐரோப்பியப் படைகள் அதைக் கேட்டன. 1849இல் பிரான்சு நாட்டு மினியே நீண்ட கூர்முனை ஈயக்குண்டை உருவாக்கியபின், பழைய வழவழப்புக் குழல் துப்பாக்கிகள் பண்டகசாலைக்குப் போயின.

இவ்வாராய்ச்சிகளுக்காக ராயல் சொசைட்டி 1746ஆம் ஆண்டுக்குரிய காப்ளி பதக்கத்தை அவருக்கு அளித்தது. அதைவிடப் பெரிய பாராட்டு பெர்லினிலிருந்து வந்தது. பிரஷ்ய மன்னர் இரண்டாம் பிரெடரிக், பீரங்கிக் கலையில் சிறந்த நூல் எது என்று ஆய்லரைக் கேட்டாராம். ஆறு ஆண்டுகளுக்கு முன் தம் நூலைக் கடுமையாகத் தாக்கிய அதே ராபின்சின் நூலைத்தான் ஆய்லர் கைகாட்டினார்! தாமே 1745இல் ஜெர்மன் மொழியில் பெயர்த்து, மூலத்தைவிடப் பன்மடங்கு பெரிய உரையும் எழுதினார். உரையில் சில இடங்களில் ராபின்சை மறுக்கிறார். வளைகுழல் சோதனையின் கொள்கையை அவர் ஏற்கவில்லை. அதில் பிழை ஆய்லருடையது என்பது பின்னர் விளங்கியது. என்றாலும் பகை பாராட்டாமல் உழைத்த அந்தப் பெருந்தன்மை போற்றத்தக்கது. ஆய்லரின் நூலை லொம்பார் 1783இல் பிரெஞ்சில் வெளியிட்டார். ஓசோன் பீரங்கிப் பள்ளியில் அவர் ஆசிரியராயிருந்தபோது அங்கு வந்த இளம் அதிகாரிகளுள் ஒருவர் நெப்போலியன்.

நூலும் பதக்கமும் இருந்தும் ராபின்சுக்கு நிலையான பதவி அமையவில்லை. 1747இல் பெர்கன்-ஓப்-சூம் கோட்டையைக் காக்க ஆரஞ்சு இளவரசர் அழைக்க, அவர் போய்ச் சேரும்போது கோட்டை பிரெஞ்சுக்காரர் கையில் வீழ்ந்துவிட்டது. உலகைச் சுற்றிவந்த கடற்படைத் தலைவர் ஆன்சனின் நட்பு கிடைத்தது. 1748இல் வெளிவந்து பெரும்புகழ் பெற்ற ஆன்சனின் பயண நூல் பாதிரியார் வால்ட்டரின் பெயரைத் தாங்கியிருந்தாலும், அதில் ராபின்சின் கை எவ்வளவு என்பது இன்றும் வழக்காடப்படும் செய்தி. இறுதியாக 1749இல் இரண்டு வாய்ப்புகள் ஒருசேர வந்தன. வட அமெரிக்காவில் அக்கேடியா எல்லைத் தகராற்றைப் பேசித் தீர்க்கப் பாரிசுக்குப் போகும் ஆணையர் பதவி ஒன்று. கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமைப் பொறியாளராக இந்தியா போவது மற்றொன்று. அவர் இந்தியாவைத் தேர்ந்தார்.

கம்பெனிக்கு அப்போது பொறியாளர் தேவை மிகவும் இருந்தது. 1746இல் சென்னையைப் பிரெஞ்சுக்காரர் கைப்பற்றிவிட்டதால், சோழமண்டலக் கரையில் ஆங்கிலேயரின் தலைமையிடம் கடலூர்க் கோட்டைக்கு மாறியிருந்தது. 1748இல் பாஸ்கவன் புதுச்சேரியை முற்றுகையிட்டுத் தோற்றுத் திரும்பினார். 1749இல் உடன்படிக்கைப்படி சென்னை திரும்பக் கிடைத்தபோதிலும், கோட்டைகள் நோஞ்சானாக இருந்தன. அவற்றைச் செப்பனிடவே ராபின்ஸ் அனுப்பப்பட்டார். நம் மண்ணில் அந்நியர் வேரூன்றுவதற்கான வேலை அது. அவர் அறிவுக்குத் தலைவணங்கும் நாம் அதையும் மறக்க வேண்டியதில்லை. ஆனால் அவர் பெட்டியில் கோட்டை வரைபடக் கருவிகள் மட்டும் வரவில்லை. இந்தியாவில் வானியல் ஆராய்ச்சி செய்வதற்கான கருவிகளையும் திரட்டிக்கொண்டு வந்தார்.

1749ஆம் ஆண்டின் இறுதியில் கப்பலேறி, 1750 ஜூலையில் செயின்ட் டேவிட் கோட்டையை அடைந்தார். உடனே கடலூருக்கும் சென்னைக்கும் கோட்டைத் திட்டங்கள் வரையத் தொடங்கினார். செப்டம்பரில் காய்ச்சல் கண்டது. ஒருவாறு தேறினார், ஆனால் பழைய உடல்நிலை திரும்பவில்லை. இளமையிலிருந்தே வலுவற்ற உடம்பு. நம் கடற்கரை வெயிலை அது தாங்கவில்லை. பத்து மாதம் அப்படியே உழைத்தார். 1751ஆம் ஆண்டு ஜூலை 29ஆம் நாள், கம்பெனிக்கு அனுப்ப வேண்டிய அறிக்கையை எழுதிக்கொண்டிருந்த நிலையில், கையில் பிடித்த பேனாவுடனேயே உயிர் நீத்தார் என்று அவருடைய நண்பர் வில்சன் எழுதிவைத்திருக்கிறார். ஆகஸ்டு 26ஆம் நாள் கிளைவ் சென்னையிலிருந்து ஆர்க்காட்டை நோக்கிப் புறப்பட்டார். கொண்டு வந்த வானியல் கருவிகளுக்கு வேலையே இல்லாமல் போயிற்று.

ராபின்ஸ் வலுப்படுத்த வந்த கோட்டையை 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி முற்றுகையிட்டுப் பிடித்து இடித்துத் தள்ளினார். கெடிலக் கரையில் இன்று எஞ்சியிருப்பவை சில இடிபாடுகளே. அவருடைய கட்டுரைகளையெல்லாம் வில்சன் தொகுத்து 1761இல் இரண்டு தொகுதிகளாக இலண்டனில் வெளியிட்டார். பதினான்கு ஆண்டுகள் சென்றன. ராபின்சுக்கு இடமில்லை என்று கைவிரித்த அதே வூல்விச் கல்விக்கூடத்தில், கணிதப் பேராசிரியராயிருந்த சார்லஸ் ஹட்டன், ராபின்ஸ் சொன்ன முறையிலேயே ஆனால் இன்னும் பெரிய ஊசல்களைத் தொங்கவிட்டு, ஈயக்குண்டுக்குப் பதிலாகப் பீரங்கிக் குண்டுகளைச் சுட்டு, சோதனைகளைத் தொடங்கினார். 1805இல் ராபின்சின் நூலைப் புதிய குறிப்புகளோடு மறுபடி பதிப்பித்தவரும் அந்த ஹட்டனே.